கட்டங்களுள் ஓர் அரண்மனை
கண்டிக் கலைமரபும் கணினி விளையாட்டு ஓவியமும்

அரண்மனையைச் சித்திரித்தல் புலவர்க்கும் ஓவியர்க்கும் தொன்றுதொட்டு உவப்பான தொழிலாக இருந்து வந்துள்ளது. நெடுநல்வாடை பாடிய நக்கீரனார் வேந்தன் கோயிலை வருணிக்கப் புகுமிடத்து, நிழல் நோக்கித் திசை தேர்ந்து, நூலிட்டு நிலம் அளந்த செய்தியினின்றே தொடங்குகின்றார். சுவரில் எழுதினோரும் ஓலையில் எழுதினோரும் போக, இக்காலத்தில் கணினித் திரையில் அரண்மனை எழுதுவோர் ஒரு சாரார் தோன்றியுள்ளனர். இவருட் பலர் கூலிக்கு வரைவோர் அல்லர். தாம் சிறுபருவத்தில் விரும்பி ஆடிய சாகச விளையாட்டொன்றைப் போலத் தாமும் ஒன்றை ஆக்கி, விலையின்றிப் பிறர்க்கு வழங்க விழையும் ஆர்வலர். வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவு நேரங்களில் மதிலும் வாயிலும் மாடமும் வரைந்து சேர்ப்பவர்.

விளையாட்டுத்தானே என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் கண்டி நகரில் வாவிக்கரை வழியே நாள்தோறும் பாடசாலை செல்லும் மாணவன் ஒருவனிடம் 'ஓர் அரண்மனை வரைக' என்று தாளைக் கொடுத்துப் பார்த்தல் தகும். பல்வரிசைபோல வெட்டிய மதில், உருண்ட கோபுரம், அதன் உச்சியிற் கூம்பு, கூம்பின்மேற் கொடி, கீழே தூக்குப் பாலம் ஆகியனவே பெரும்பாலும் அவன் தாளில் எழும். அவற்றுள் ஒன்றையேனும் அவன் கண்ணாற் கண்டதில்லை. மழைநாளில் அவன் குடையுடன் கடந்து செல்லும் அரண்மனையோ அத்தாளில் இல்லை. கதைப்படமும் விளையாட்டுத் திரையும் அவன் உள்ளத்தில் வேறோர் அரண்மனையைக் கட்டி முடித்துவிட்டன. ஆகவே, திரையில் அரண்மனை எழுதும் கலையை மற்றைக் கலைகளைப் போலவே திறனாய்தல் வேண்டும். கண்டி அரசமாளிகையை இக்கலைக்குள் அடக்குதல் இயலுமா, இயலுமாயின் எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இக்கலையின் இலக்கணத்தை முதலில் அறிதல் நன்று. விளையாட்டின் நிலப்பரப்பு முழுவதையும் ஒரே ஓவியமாக எழுதாது, 'டைல்' எனப்படும் சிறு சதுரங்களாக எழுதி, அச்சதுரங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக் காட்சியை ஆக்குவர். ஆங்கிலத்தில் கூரையோட்டுக்கும் தரையோட்டுக்கும் வழங்கும் சொல்லே இது. தளம் பாவுவோன் தொழிலும் இத்தொழிலும் ஏறத்தாழ ஒன்றேயாதலின் பெயர் பொருத்தமானதே. புல்லுக்கு ஒரு டைல், மதிலுக்கு ஒன்று, மதில் திரும்பும் மூலைக்கு ஒன்று, வாயிலுக்கு இரண்டோ நான்கோ என எழுதி வைத்துக்கொண்டால், ஒரு நாட்டையே அவற்றாற் பரப்பிவிடலாம். ஒரு டைலின் வலவிளிம்பு அதே டைலின் இடவிளிம்போடு பொருந்தல் வேண்டும். பொருத்து வாய் கண்ணுக்குத் தெரிதல் கூடாது. தனியே பார்க்க அழகாயிருக்கும் சதுரம் நூறாக அடுக்கியபோது அம்மைத் தழும்புபோலத் தோன்றுவதுண்டு. இக்கலைக்குப் புதியோர் பலர் இடறி விழும் இடம் இதுவே.

இவ்வழக்கம் எழுந்தமைக்குக் காரணம் வறுமை. 1980களில் வீடுகளிற் பரவிய யப்பானிய நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டால், அதன் டைல் ஒவ்வொன்றும் அகலத்தில் எட்டும் உயரத்தில் எட்டுமாக அறுபத்து நான்கு புள்ளிகளை உடையது. அதனைச் சேமிக்கப் பதினாறு பைட்டு நினைவகம் போதும். பின்னணிக் காட்சிக்கென ஒரு நேரத்திற் கிடைப்பவை 256 டைல்கள் மட்டுமே. திரையோ 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் உடையது; அதனை நிரப்ப 960 டைல்கள் வேண்டும். எனவே ஒன்றையே பலமுறை பயன்படுத்தாமல் திரை நிரம்பாது. நிறத்திலும் அதே நெருக்கடி. பின்னணிக்கு நான்கு வண்ணக் கூட்டங்கள் உண்டு; கூட்டம் ஒவ்வொன்றிலும் மூன்று நிறங்கள்; அவற்றோடு எல்லாக் கூட்டங்களுக்கும் பொதுவான அடிநிறம் ஒன்று. 1986இல் வெளிவந்த 'செல்டா' என்னும் புகழ்பெற்ற சாகச விளையாட்டு இத்துணைக் குறுகிய பொருளைக் கொண்டே 128 திரைகள் அளவுள்ள நிலப்பரப்பையும் அதன் கீழ் நிலவறைகளையும் படைத்துக் காட்டியது. ஏழை வீட்டில் விருந்து சமைத்த கைத்திறனை அதிற் காணலாம்.

இவ்வறுமைக்குள் ஐரோப்பியக் கோட்டை மிக இலகுவாக அடங்கியமை வியப்பன்று. என்னை? அக்கோட்டை கல்லாற் கட்டப்பட்டது. கல்லோ சதுக்கிய கல். ஒன்றுபோல் ஒன்று அடுக்கப்பட்டது. சங்க நூல்கள் 'ஞாயில்' எனக் கூறும் மதிலுறுப்பு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமுமாக மாறிமாறி வருவது. ஒரு கல்லும் ஒரு ஞாயிலும் எழுதினால் மதில் முழுவதும் எழுதப்பட்டதாயிற்று. ஓவியன் எழுதுமுன்னரே கொத்தன் அதனைக் கட்டங்களாக அமைத்துவிட்டான் என்க. எனவே உலகெங்கணும் உள்ள ஆர்வலர் கோட்டை வரையப் புகும்போது இவ்வடிவத்தையே எடுத்தாள்கின்றனர். அது அவர் நாட்டு அரண்மனை என்பதால் அன்று; கட்டத்துள் எளிதில் அடங்குகின்றது என்பதாலேயே எடுத்தாள்கின்றனர். கருவியின் வசதி கண்ணின் பழக்கமாக மாறிய கதை இது.

ஆர்வலர் ஆக்கங்களின் வரலாறும் இதனை உறுதிப்படுத்தும். மேற்கூறிய செல்டா விளையாட்டைத் தனிக் கணினியில் ஆடுமாறு ஆர்வலர் மீள ஆக்கிய 'செல்டா கிளாசிக்' 1999இல் வெளிவந்தது. பின்னர் அதனோடு இணைந்த வரைகருவியால் எவரும் தம் டைல்களை எழுதித் தம் கதையைப் புனைய இயன்றது. யப்பானில் 1992 முதல் வெளிவரும் 'ஆர்பிஜி மேக்கர்' வரிசை, நிரல் எழுத அறியாதாரும் விளையாட்டு ஆக்குமாறு, வரைந்து முடித்த டைல் தொகுதிகளையும் உடன் வழங்கியது. 2012இல் நடைபெற்ற 'லிபரேற்றட் பிக்சல் கப்' என்னும் போட்டிக்காக எழுதப்பட்ட, எவரும் எடுத்தாளக்கூடிய தொகுதியில் பக்கத்துக்கு 32 புள்ளி கொண்ட கோட்டைச் சுவர்களும் தளங்களும் உள. அத்தொகுதி பாராட்டத்தக்கது. பலர் கைபட்டும் ஒருவர் எழுதியதுபோல் ஒத்திருக்கும்படி நோக்குக் கோணத்துக்கும் ஒளிக்கும் வரம்பு வகுத்தமை அதன் சிறப்பு. ஆயினும் அதிலுள்ள கோட்டையும் ஐரோப்பியக் கோட்டையே. இலவசமாகக் கிடைப்பது எங்கும் பரவும்; எங்கும் பரவுவது இயல்பானதெனக் கருதப்படும். 'கிங்ஸ் குவெஸ்ட்' போன்ற விளையாட்டுகளில் அரண்மனைக் காட்சிகள் முழு ஓவியமாகவே எழுதப்பட்டன. 2001இல் ஆர்வலர் அதனைப் புதுக்கியபோதும் அவ்வாறே செய்தனர். அது வேறு மரபு. அதன் குணகுற்றம் ஈண்டு வேண்டா.

இனி, கண்டிக்கு வருதல் தகும். கண்டி இராச்சியத்துக்கு ஐரோப்பியப் பொருளிலே கோட்டை இல்லை. கோட்டைகள் கடற்கரையில் இருந்தன; யாழ்ப்பாணத்திலும் காலியிலும் மட்டக்களப்பிலும் நிற்பவை போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுப்பியவை. மலைநாட்டுக்கு மலையே மதில், காடே அகழி. வழிகளின் நெருக்கத்தில் முள்மரங்களாற் செய்த கதவங்களை நிறுத்திக் காவல் வைத்தனர். 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற இங்கிலாந்து மாலுமி உறொபேட் நொக்ஸ் இம்முட்கதவங்களைப் பற்றி 1681இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். சாகச விளையாட்டு ஆக்குவோர்க்கு இதனினும் சிறந்த பொருள் எங்குக் கிடைக்கும்? மதில் ஏறுவதற்கு மாறாக ஒற்றையடிப் பாதையில் முட்கதவு கடத்தல்; காவலனிடம் அடையாளம் காட்டுதல்; காட்டு வழியில் மாறிச் செல்லல். இதற்குரிய டைல்கள் புதரும் பாறையும் முள்ளுமே. அவற்றை எழுதுவார் இல்லை. கண்டியை நிலைக்களமாகக் கொள்ளும் விளையாட்டுக்குக் கூட மதிலையே முதலில் வரையத் துணிவர்.

அரண்மனையைப் பற்றி நொக்ஸ் தரும் செய்தி இன்னும் சுவையுடையது. இரண்டாம் இராசசிங்கன் 1664ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் நிலம்பையை விட்டகன்று, பிற்காலத்தில் ஹங்குராங்கெத்தை எனப்பட்ட பகுதியில் அமைத்துக்கொண்ட மாளிகையை அவர் விவரிக்கின்றார். செதுக்கிய நிலைகளையுடைய இரட்டைக் கதவங்கள், வேலைப்பாடமைந்த பூட்டுகள், வெள்ளித் தகடும் கருங்காலியும் பதித்த சாளரங்கள் ஆகியவற்றைக் கூறியபின், கூரையின் மூலைகளில் மட்பாண்டங்களும் மண்ணாற் செய்த பூங்கொத்துகளும் அணியாக நின்றன என்றும், அவ்வணியும் சுண்ணச் சாந்தின் வெண்மையும் அரசன் மனைக்கும் கோயில்களுக்குமே உரியன, பிறர்க்கு விலக்கப்பட்டன என்றும் உரைக்கின்றார். மாளிகையின் உட்புறம் திரும்பல்களும் வளைவுகளும் பல வாயில்களுமாக, புகுந்தவர் வழி தடுமாறுமாறு, அரசன் தானே வகுத்தது என்பதும் அவர் கூற்று.

டைல் ஓவியர்க்கு இச்செய்தியில் இரு பெரும் பயன்கள் உள. முதலாவது வெண்மை. மலைநாட்டு அரசில் வெள்ளைச் சுவர் அழகுக்குரியது மட்டுமன்று. அது ஓர் அதிகாரம். ஊர்க்குடிசைக்கு மண்ணிறச் சுவரும் வைக்கோற் கூரையும் கொடுத்து, வெள்ளைச் சுவர் டைலைக் கோயிலுக்கும் கோவில் போன்ற மாளிகைக்கும் மட்டுமே ஒதுக்கி வைப்பாராயின், ஆடுவோன் ஒரு சொல்லும் படிக்காமலே அந்நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்வான். தொலைவிலே மரங்களிடை ஒரு வெண்கீற்றுத் தெரிந்த மாத்திரத்தில் 'இது அரசனுக்குரிய இடம்' என அவன் நடை தயங்கும். வண்ணத்தின் பொருளை இவ்வாறு விளங்கிப் பயன்படுத்திய விளையாட்டுகள் அருமை. பெரும்பாலானவற்றில் நிறம் கண்ணைக் கவர்வதற்கு மட்டுமே. இரண்டாவது பயன் வழிமயக்கம். ஐரோப்பியக் கோட்டை அயலானை வெளியே நிறுத்துவது; நொக்ஸ் கண்ட மாளிகையோ புகுந்தவனை உள்ளே மயக்குவது. நிலவறையிற் புகுந்து கதவு திறந்து கதவு திறந்து செல்லும் சாகச விளையாட்டின் உயிர்நாடி இதுவேயன்றோ? எனவே இவ்விளையாட்டு வகைக்குக் கண்டி மாளிகை பொருந்தாது என்பார் கூற்று ஆராயாது கூறியதாகும்.

கண்டி ஓவியர் தாமே அரண்மனையை எவ்வாறு எழுதினர் என்பதைக் காண மகாவலியைக் கடந்து அமுணுகமைக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவைக் குகை விகாரத்துக்குச் செல்லல் வேண்டும். கீர்த்திசிறீ இராசசிங்கன் காலத்தில் தொடங்கி இராசாதிராசசிங்கன் காலத்தில், 1780களில், நிறைவுற்ற பணி அது. அங்கு வெசந்தரன் முதலியோரின் சாதகக் கதைகளைத் தேவரகம்பொல சில்வத்தென்ன என்னும் துறவியும் அவருடன் பணியாற்றியோரும் சுவரில் நீண்ட பட்டிகளாக எழுதியுள்ளனர். கதை இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ பட்டி வழியே நடக்கும். அரசன் ஒரே பட்டியிற் பலமுறை தோன்றுவான். ஒவ்வொரு தோற்றமும் கதையின் ஒவ்வொரு கணம். அரண்மனை எனின் இரு தூண், மேலே ஒரு கூரை, நடுவே அமர்ந்த அரசன் என்ற அளவிலே நிற்கும். தொலைவு, அண்மை என்ற வேறுபாடில்லை, நிழல் இல்லை, அருகில் நிற்கும் மரம் மாளிகையின் உயரமே இருக்கும். ஆயினும் ஐயமின்றி அது அரண்மனை. வெற்றிடத்தைப் பூக்களால் நிரப்பி, ஒரு காட்சியினின்று மறு காட்சியைத் தூணாலும் மரத்தாலும் பிரித்துள்ளனர்.

மேனாட்டு ஓவிய இலக்கணத்திற் பயின்ற கண்ணுக்கு இவை குறைகளாகத் தோன்றும். டைல் ஓவியம் பயின்ற கண்ணுக்கோ இவை நன்கு அறிமுகமான உத்திகள். மட்டமான தளம், குறியீடாக நிற்கும் கட்டடம், ஆளின் அளவோடு ஒத்த வாயில், இடம் நிரப்பும் பூ, ஒரு திரையினின்று மறு திரைக்கு நடந்து செல்லும் நாயகன் யாவும் அங்கே உள. நிறத்திலும் ஒப்புமை காணலாம். கண்டி ஓவியரின் முதன்மை வண்ணங்கள் சாதிலிங்கச் சிவப்பு, கோகட்டு மரத்துப் பிசினின் மஞ்சள், மகுல் எனும் வெண்களிமண், விளக்குக் கரி ஆகியன. நீலமும் பச்சையும் அளவோடு வரும். சிவப்பு எங்கும் அடிநிறமாக நிற்க, மஞ்சளும் வெள்ளையும் கருங்கோடும் அதன்மேல் எழும். பொது அடிநிறம் ஒன்றும் அதன்மேல் மூன்று நிறங்களும் என்ற பழைய விளையாட்டுப் பெட்டியின் விதியை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. ஒன்று மற்றொன்றினின்று பிறந்தது என யாரும் கூறார். ஒத்த வறுமை ஒத்த விடையைத் தந்தது என்ற அளவிற் கொள்ளலாம். சிவப்பு அடிநிலத்தில் எழுதிய மாளிகையைக் கொண்ட விளையாட்டு ஒன்று தோன்றுமாயின், பார்த்த கணத்திலேயே அது மலைநாட்டுக்குரியது எனத் தெரியும். கருஞ்சாம்பல் கல் நிறத்தையே கண்டு சலித்த கண்களுக்கு அது விருந்துமாகும்.

உறுப்பு உறுப்பாக ஆராயுமிடத்து, டைலுக்கு மிக இசைந்து நிற்பது தலதா மாளிகையின் முன்னும் வாவிக்கரையிலும் ஓடும் முகில் மதில். சிங்களத்தில் 'வலாகுலு பம்ம' என்பர். சிறீ விக்கிரம இராசசிங்கன் காலத்தில் தேவேந்திர மூலாச்சாரி வகுத்தது என்பது வழக்கு. முகிற் கூட்டம்போல மேல்விளிம்பு வளைந்து வளைந்து செல்ல, சுவரின் உடலில் முக்கோண மாடங்கள் நிரையாக அமைந்துள்ளன. விழா இரவுகளில் அவற்றில் அகல் ஏற்றுவர். ஒரு வளைவும் அதன்கீழ் மாடங்களும் கொண்ட பகுதியை எழுதினால் மதில் முழுதும் எழுதியதாகும். ஞாயில் செய்யும் வேலையை வளைவு செய்கின்றது; ஆனால் ஞாயில் பகைவனை நோக்கியது, வளைவோ வானை நோக்கியது. மேலும், டைலின் வடிவை மாற்றாது நிறத்தை மட்டும் மாற்றும் பழைய உத்தி ஒன்றுண்டு. பகலில் மாடங்கள் கரிய முக்கோணங்கள். அதே டைலின் கருநிறத்தைப் பொன்னிறமாக மாற்றினால் இரவில் விளக்கு வரிசை. ஓர் எண்ணை மாற்றுவதால் ஒரு பெருநாள் பிறக்கும். தேவேந்திர மூலாச்சாரியைப் போன்ற நல்ல டைல் ஓவியர் அரியர் எனின் மிகையாகாது.

மிகக் கடினமான உறுப்பு கூரை. கண்டிக் கூரை மேலே செங்குத்தாக எழுந்து, இடையே சரிவு மாறி, கீழே தாழ்ந்து பரந்து சுவரை மறைக்கும். தட்டையான சிற்றோடுகள் மீன் செதில்போல அடுக்கப்பட்டிருக்கும். சாகச விளையாட்டுகளின் வழக்கமான நோக்கோ மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது. சுவரின் முகமும் தெரியும், கூரையின் மேற்பரப்பும் தெரியும். கிடைக்கும் தொகுதிகளில் உள்ள கூரை டைல் ஒரே சரிவுடையது. அதனை நீட்டியும் அகட்டியும் எக்கட்டடத்துக்கும் போர்த்துவர். அவ்வாறு போர்த்திய மாளிகை தொப்பி அணிந்த பெட்டியாகும். கண்டிக் கூரைக்குக் குறைந்தது மேற்சரிவுக்கு ஒரு நிறம், கீழ்ச்சரிவுக்கு அதனின் வெளிய நிறம், இரண்டும் சந்திக்கும் மடிப்புக்கு ஒரு நிரை, இறவாரத்தின் கீழ் விழும் நிழலுக்கு ஒரு நிரை என வேண்டும். நான்காவதே பலர் மறப்பது. மழைநாட்டுக் கட்டடத்தின் முகம் அதன் இறவார நிழலிலேதான் இருக்கின்றது. சுவரை வெளிச்சமாக எழுதி நிழலை விட்டுவிட்டால், ஓடு செம்மையாக இருந்தும் வீடு கண்டியினதாகாது. படியின் அடியிற் கிடக்கும் சந்திரவட்டக் கல் இதனினும் சிறு தொல்லை. கண்டிக் காலத்தில் அது அரைவட்ட வடிவை விட்டு முக்கோணச் சாயல் பெற்றமையால் இரு டைல்களில் ஒருவாறு அடங்கிவிடும்.

இக்கட்டுரையின் மையமான கருத்து தூண்களைப் பற்றியது. அரசவை கூடிய மகுல் மடுவ 1783இல் இராசாதிராசசிங்கனால் தொடங்கப்பட்டது. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டதும் அம்மண்டபத்திலேயே. அதன் மரத்தூண்களும், கம்பளை அரசர் காலத்ததாகிய எம்பெக்கைத் தேவாலயத்து மேளமண்டபத் தூண்களும் ஓரினத்தவை. அடியிலே சதுரம், அதன்மேல் எண்பட்டை, நடுவே மீண்டும் சதுரம், மீண்டும் எண்பட்டை, உச்சியில் தாமரை தொங்கும் போதிகை. தமிழ்நாட்டுச் சிற்பிகள் சதுரம், கட்டு என வழங்கும் முறையே இது. டைல் ஓவியன் இதனை ஐந்து துண்டுகளாக எழுதி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவிடலாம். இத்துணைப் பொருத்தமான வேறோர் உறுப்பு இல்லை என மகிழ்வான். அடுக்கியபின் எம்பெக்கைக்குச் சென்று பார்ப்பானாயின் அவன் மகிழ்ச்சி குன்றும். ஏனெனில் அங்குத் தூணின் அமைப்பு ஒன்றே. நடுச்சதுரத்தின் சிற்பமோ இடந்தோறும் வேறு. பின்னிய கழுத்துடைய அன்னங்கள், இருதலைப் பறவை, மற்போர் வீரர், ஆடல் மகள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், குதிரைவீரன் என நூற்றுக்கணக்கான செதுக்கல்கள் உள. சட்டம் ஒன்று, சித்திரம் பல. சதுரமும் தச்சனுக்கு டைல்தான். ஆனால் அவன் அதனைத் திரும்ப எழுத மறுத்தான்.

கண்டிக் கலைஞன் திரும்ப எழுதுதலை அறியாதவன் அல்லன். தாமரையிதழ் நிரை, கொடி நிரை, கயிற்று நிரை ஆகியவற்றை முழக்கணக்கில் ஒரே சீராக எழுதியவன் அவன். எல்லைக் கோடுகளிலும் மதிலிலும் ஓட்டிலும் ஒருமை. கண் தங்கி நிற்கும் நடுவிடத்தில் வேறுபாடு. இப்பாகுபாடே அவன் கலையறிவு. ஐரோப்பியக் கோட்டை டைல்களைப் பரப்பும் விளையாட்டுகளிலோ எங்கும் ஒருமை. அரியணை அறையில் நிற்கும் எட்டுத் தூண்களும் ஒன்றன் நிழலே மற்றொன்று. 1986இல் அதற்கு மன்னிப்பு உண்டு. 256 டைலுக்குமேல் இடமில்லை. இன்றோ கைத்தொலைபேசியிலேயே இலட்சக்கணக்கான டைல்களுக்கு இடமுண்டு. ஆதலின் இன்றைய ஒருமைக்கு நினைவகம் காரணம் ஆகாது; நேரமின்மையும் பழக்கமுமே காரணமாகும். ஆர்வலர் ஒருவர் தனியே உழைக்கின்றார், எண்பது சிற்பம் எழுத அவர்க்கு ஏது பொழுது என்று பரிந்து பேசலாம். அவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆயினும் எண்பது வேண்டியதில்லை; அரியணை அறைக்கு எட்டுப் போதும். காட்டில் நூறு வகை மரம் எழுதும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இங்குச் செலவிட்டால், ஆடுவோன் தூணுக்குத் தூண் நின்று பார்ப்பான். வழிமயங்கும் மாளிகையிலே 'அன்னத் தூணில் இடப்புறம் திரும்புக' என்று ஒரு முதியவள் கூறக் கேட்டு அவன் வழியறியலாம். சிற்பம் அணியாக மட்டும் நில்லாது கதையின் உறுப்பாகிவிடும்.

சதுரத்துக்கு அடங்க மறுப்பது எண்கோண மண்டபமாகிய பத்திரிப்பு. 1802ஆம் ஆண்டளவில் எழுந்த அதன் உருவமே இன்று கண்டியின் இலச்சினை போலாயிற்று. ஓலைச்சுவடிகள் பேணும் நூலகமாக அது விளங்குகின்றது. எட்டுப் பக்கங்களில் நான்கு கட்டத்தின் கோட்டோடு இசையும். ஏனைய நான்கும் மூலைவிட்டமாக ஓடும். மூலைவிட்டக் கோட்டைச் சிறு புள்ளிகளால் எழுதினால் படிக்கட்டுப்போற் பற்கள் தோன்றும். புதியோர் இதற்கஞ்சி மண்டபத்தை வட்டமாக்கி ஐரோப்பியக் கோபுரமாகவே முடித்துவிடுவர். அது பெரும் பிழை. இவ்வொரு கட்டடத்துக்குக் கட்ட விதியையே விட்டுவிட்டு முழு ஓவியமாக எழுதி நடுவே வைத்தல் குற்றமன்று. விதியை எங்கே மீறுவது என்று அறிந்தவனே விதியை ஆளத் தெரிந்தவன். நகரில் எக்கட்டடமும் அதற்கு நிகராகாதவாறு அமைத்தோரின் கருத்தும் அதுவாகவே இருந்திருக்கும்.

இன்னொரு பிழை தமிழார்வத்தினின்று பிறக்கக்கூடியது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்கள் மதுரைத் தொடர்புடையவர் என்பது பற்றி, 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களையும் வளைவுகளையும் கண்டியில் நட்டுவிட ஓர் ஓவியன் எண்ணலாம். அம்மன்னர் அவ்வாறு செய்திலர். தாம் வந்த நாட்டின் மரத்தையும் ஓட்டையும் தச்சனையும் கொண்டே மாளிகை அமைத்தனர். தமிழகக் கைவண்ணம் காண விரும்புவார் கதலாதெனியாவுக்குச் செல்லலாம். 1344இல் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி கல்லில் எழுப்பிய விகாரம் அது. அவ்வாண்டுக்குரிய இலங்காதிலக விகாரத்தில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அவ்விரண்டையும் விளையாட்டில் தனி டைல் தொகுதியாக எழுதி மாளிகையின் மரத்தொகுதிக்கு எதிரே நிறுத்தினால், மலைநாட்டில் இருமரபும் அருகருகே வாழ்ந்த உண்மை புலனாகும். அணி வகைகளுக்கு மாதிரி தேடுவார் ஆனந்த குமாரசுவாமி 1907, 1908ஆம் ஆண்டுகளில் வில்லியம் மொறிசின் கையச்சுப் பொறியிலே அடித்து வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலைப் பார்ப்பது நலம். கொடியும் இதழும் பறவையும் கோட்டுருவாக அதில் வரையப்பட்டுள்ளன. பிற நாட்டார் எழுதிய கோட்டையை நகல் செய்தற்குச் செலவிடும் பொழுதில் அதில் ஒரு பக்கத்தை நகல் செய்யலாம்.

எழுதத் தகாத இடமும் ஒன்றுண்டு. கண்டி மாளிகை தலதா கோயிலோடு ஒட்டியது. அரசன் மனைக்கும் புனிதமான தந்தம் உறையும் மனைக்கும் இடையே சுவர் ஒன்றே. வாளேந்திய நாயகன் குடம் உடைத்துப் பொருள் எடுக்கும் வழக்கமுள்ள விளையாட்டு வகையிலே, அக்கருவறையை ஓர் அறையாக அமைத்தல் பலர் நெஞ்சைப் புண்படுத்தும். இந்துக் கோயிலின் மூலத்தானத்தை அவ்வாறு எழுதினால் சைவர் பொறுப்பரோ? வெளிவாயில் வரை எழுதி, அதற்கப்பால் அடைத்த கதவு ஒன்றை மட்டும் எழுதுதல் போதும். அக்கதவுக்குத் திறவுகோல் அமைத்தல் வேண்டா.

கடைசியாக, முகில் மதிலைப் பற்றிய ஒரு தொழிற்குறிப்பு. வாவியைச் சூழ ஓடத் தொடங்கிய அம்மதில் முற்றுப்பெறவில்லை. 1815இல் அரசு வீழ்ந்தபோது பணி நின்றது. மன்னன் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். டைல் தொகுதிகளில் மதிலுக்கு நடுத்துண்டும் மூலைத்துண்டும் வாயில்துண்டும் எழுதுவர். முடிவுத்துண்டு எழுதினால் அதனை ஒரு தூணாலோ கோபுரத்தாலோ அழகாக மூடுவர். வாவிக்கரை மதிலுக்கு அவ்வாறு மூடாத ஒரு முடிவுத்துண்டு வேண்டும். வளைவின் பாதியில் சுதை நின்று, கீழே வெறுங்கல் தெரிய, அதற்கப்பால் கரையின் புல் மட்டும்.